கேட்டுப் பார்க்க வேண்டிய நகரம்

டோக்கியோவில் ஜப்பானியப் பேரரசரின் மாளிகைக்கு முன்னால் சரளை பரப்பிய பெரிய திடல் ஒன்று உண்டு. நகரைச் சுற்றிக்காட்டும் பேருந்துகள் வழக்கமாக வந்து நிற்கிற இடம் அது. இறங்கி, கறுப்புப் பைன் மரங்களைக் கடந்து அகழிக் கரைக்குப் போனால் இரண்டு வளைவுகள் கொண்ட கல்பாலம் கண்ணில் படும். வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, புகழ்பெற்ற நிஜூபாஷி பாலத்தைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்புகிறார்கள். நிஜூபாஷி அதுவல்ல. கல்பாலத்துக்குப் பின்னால், சற்று உயரத்தில், ஆரவாரமில்லாமல் நிற்கும் இரும்புப் பாலம்தான் நிஜூபாஷி. அங்கே முன்பு மரப்பாலம் இருந்தது. அகழி ஆழமானது என்பதால் அடியில் ஒரு பாலம்போல் தாங்கு கட்டி அதன்மேல் இன்னொன்றை எழுப்பினார்கள். இரட்டைப் பாலம் என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு மரம் போய் இரும்பு வந்தது. இப்போது நிற்பது 1964இல் மாற்றிக் கட்டியது. பெயருக்குக் காரணமான இரண்டு அடுக்கு இன்று இல்லவே இல்லை. எவ்வளவு நேரம் கூர்ந்து பார்த்தாலும் இதில் எதுவும் கண்ணுக்குத் தட்டுப்படாது. யாராவது சொல்ல வேண்டும்.

வழிகாட்டியோடு பேருந்தில் ஏறி ஊர் பார்ப்பதை மட்டமாக நினைப்பவர்கள் அதிகம். அவசரம், கும்பல், மனப்பாடமாக ஒப்பிக்கும் பேச்சு, இறங்கு ஏறு என்ற விரட்டல். உண்மையான பயணி நடந்துதான் போவான், வழி தவறுவான், தானாகக் கண்டுபிடிப்பான் என்று ஒரு நம்பிக்கை பயண எழுத்தில் ஊறிப்போயிருக்கிறது. பல ஊர்களுக்கு அது பொருந்தும். ரோமிலோ மதுரையிலோ கல் நின்றுகொண்டிருக்கிறது. கால் போன போக்கில் போனாலும் பழமை எதிரே வந்து முட்டும். டோக்கியோ அப்படிப்பட்ட ஊர் இல்லை. அதன் முக்கியமான இடங்களில் பாதிக்கு மேல் எரிந்தும் இடிந்தும் போய்த் திரும்ப எழுந்தவை, அல்லது எழாமலே விட்டுவிடப்பட்டவை. அங்கே பார்ப்பதற்கு இருப்பது குறைவு, தெரிந்துகொள்ள இருப்பது மிகுதி. அந்த இடைவெளியை நிரப்பும் குரல்தான் அந்த நகரின் முதன்மையான சின்னம் என்பது என் கட்சி. நேரடி விளக்கத்தோடு ஓடும் பேருந்து அந்த நகரத்துக்கென்றே பொருந்தி வந்த வடிவம்.

கோட்டையையே எடுத்துக்கொள்வோம். மாளிகையின் கிழக்குத் தோட்டத்துக்குள் போனால், பொருத்திப் பொருத்தி அடுக்கிய பெரும் கருங்கற்களால் ஆன ஒரு மேடை இருக்கும். சாய்தளத்தில் ஏறி மேலே போனால் வெறும் தரை. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்; எடோ கோட்டையின் ஐந்தடுக்குத் தலைமைக் கோபுரம் எரிந்துபோன இடம் அது. 1657இல் மெய்ரேகி பெருந்தீ நகரின் பெரும்பகுதியைத் தின்றது. மாண்டவர்கள் 1,00,000 பேர்வரை இருக்கலாம் என்கிறார்கள். மறு ஆண்டே கோபுரத்துக்கான கல்மேடையைப் புதிதாகக் கட்டி முடித்தார்கள். அதன்மேல் கோபுரம் எழவில்லை. அன்று நாட்டை ஆண்ட இளவயது ஷோகனின் சித்தப்பாவும் ஆலோசகருமான ஹோஷினா மசாயுகி தடுத்துவிட்டார்: போர்க்காலம் முடிந்துவிட்டது, கோபுரம் வெறும் பார்வைக்கு, பணம் ஊரைத் திரும்பக் கட்டுவதற்குப் போகட்டும் என்பது அவர் வாதம். ஆட்சியின் பெருமையைவிடக் குடிமக்களின் கூரை முக்கியம் என்று 17ஆம் நூற்றாண்டு அரசொன்று எடுத்த முடிவின் அடையாளமாக அந்த வெற்று மேடை நிற்கிறது. உலகில் எத்தனையோ கோபுரங்களுக்கு இல்லாத மரியாதை அதற்கு உரியது. ஆனால் சொல்வார் இல்லாமல் ஏறுகிறவருக்கு அது காற்று வாங்க நல்ல இடம், அவ்வளவுதான்.

அசாகுசாவில் உள்ள சென்சோஜி கோவில் இன்னும் நல்ல சான்று. 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய மீனவச் சகோதரர் இருவருக்கு ஒரு கன்னோன் சிலை அகப்பட்டது என்று கோவில் மரபு சொல்கிறது. கன்னோன் வேறு யாருமில்லை, அவலோகிதேஸ்வரர்தான். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதனிடம் என்று வீரசோழியம் சொல்வதை அறிந்த தமிழருக்கு அந்தச் சந்நிதி முற்றிலும் அந்நியமாக இருக்க முடியாது. ஆனால் அந்த மூலச்சிலையை யாரும் பார்ப்பதில்லை. மறைத்து வைக்கும்படி 645இல் ஷோகாய் என்ற துறவி பணித்ததாகக் கூறுவார்கள். இன்றுவரை அது பொதுப் பார்வைக்கு வரவில்லை. ஆக, கோவிலின் மையமே கண்ணுக்கு அப்பாற்பட்டது. சுற்றியுள்ளவற்றின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1865இல் எரிந்த கமினாரிமோன் வாசல், தொழிலதிபர் மட்சுஷிதா கோனோசுகே கொடுத்த நன்கொடையில் 1960இல்தான் மீண்டது. இடையில் 95 ஆண்டுகள் அந்த இடத்தில் நிலையான வாசலே இல்லை. இன்று எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் சிவப்பு விளக்கு 3.9 மீட்டர் உயரம், ஏறத்தாழ 700 கிலோ எடை. அந்த வாசலுக்கு ஆயிரம் வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் அதன் அடியில் நடக்கிறார்கள். பெரிய மண்டபம் 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் எரிந்தது. 1958இல் கான்கிரீட்டில் எழுந்தது. 2010 வாக்கில் அதன் கூரைக்கு டைட்டானிய ஓடு வேய்ந்தார்கள். கோவில் வளாகத்தில் அந்த இரவிலிருந்து தப்பிய ஜின்கோ மரம் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தண்டின் ஒரு பகுதி கரியாகவே இருப்பதும், கரியின் விளிம்பைச் சுற்றிப் புதுப்பட்டை தடித்து வளர்ந்திருப்பதும் தெரியும். ஒரே இரவில் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்ட தாக்குதலுக்கு அந்த வளாகத்தில் எஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சிகளில் ஒன்று அந்த மரம். ஆயிரக்கணக்கானோர் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். கை நீட்டிக் காட்ட ஒருவர் இருந்தால் நிற்பார்கள்.

இந்த நகரம் இப்படி எரிந்து எழுந்த வரலாற்றோடு வழிகாட்டியின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1657இல் தீ. அந்தத் தீயைப் பற்றியே ஒரு நூல் எழுதிய அசாய் ரியோய், 1662இல் எடோவின் புகழ்பெற்ற இடங்களை விவரித்து ‘எடோ மெய்ஷோகி’யை வெளியிட்டார். 1855இல் நிலநடுக்கம் எடோவை உலுக்கியது. அடுத்த ஆண்டு ஓவியர் ஹிரோஷிகே, எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள் என்ற தலைப்பில் தம் கடைசிப் பெரும் ஓவிய வரிசையை அச்சிடத் தொடங்கினார். 1923இல் கான்டோ நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவைச் சாம்பலாக்கின. 1925இல் ஜப்பானின் முதல் முறையான நகர்ச்சுற்றுலாப் பேருந்து அதே டோக்கியோவில் ஓடியது. 1945இல் குண்டுவீச்சு, 1948இல் புதிய நிறுவனம் ஒன்று தொடங்கி 1949 மார்ச்சில் வழக்கமான சுற்றுலாவை இயக்கியது. புறாச் சின்னம் தாங்கிய அந்தப் பேருந்துகளின் பெயரையே 1963இல் நிறுவனமும் ஏற்று ஹாட்டோ பஸ் ஆனது. இன்று டோக்கியோ நிலையத்தின் மருனோவுச்சி தெற்கு வாயிலருகே வரிசையாக நிற்கும் மஞ்சள் வண்டிகள் அதனுடையவை.

1949இன் முதல் தடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். உவேனோ நிலையத்தில் புறப்பாடு. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வீடிழந்தவர்களும் அடைக்கலம் புகுந்திருந்த சுரங்கப்பாதை அந்த நிலையத்தில்தான் இருந்தது. அங்கிருந்து உவேனோ பூங்கா. பிறகு மாளிகைத் திடல். உள்ளே மெய்ஜி காலத்து அரண்மனை 1945 மே மாதத்திலேயே எரிந்துபோயிருந்தது. அகசாகா அரண்மனை, அதில் அப்போது தேசிய நூலகம் குடியேறியிருந்தது. கடைசியில் அசாகுசா கன்னோன் கோவில்; அதற்குப் பெரிய மண்டபம் கிடையாது, கமினாரிமோன் கிடையாது. டோக்கியோ கோபுரம் எழ இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. இல்லாத அரண்மனைக்கும் மண்டபமில்லாத கோவிலுக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மக்கள் ஏறினார்கள். அவர்கள் வாங்கியது காட்சியாக இருந்திருக்க முடியாது. இங்கே இது இருந்தது, இது திரும்ப எழும் என்று ஒரு பெண் நின்றபடி சொல்வதைக் கேட்கத்தான் ஏறியிருப்பார்கள். அந்தத் தொழில் மக்கள் மனதில் எவ்வளவு ஆழமாக இடம்பிடித்தது என்பதற்கு, 1957இல் கொலம்பியா ரோஸ் பாடி நாடெங்கும் ஒலித்த ‘டோக்கியோவின் பஸ் பெண்’ பாட்டு சாட்சி.

ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் வழிகாட்டி எழுந்த இந்த வரிசையைத் தற்செயல் என்று ஒருவர் தள்ளலாம். தீயும் நிலநடுக்கமும் அடிக்கடி வந்த ஊரில், எந்த ஆண்டில் எது வெளிவந்தாலும் அது ஏதோ ஒரு பேரழிவுக்குச் சில ஆண்டுகள் தள்ளித்தான் இருக்கும். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் உழைத்து 1834 முதல் வெளியிட்ட ‘எடோ மெய்ஷோ ஜூயே’ அழிவின் மடியில் பிறந்தது என்று நானும் சொல்லமாட்டேன். வணிகக் காரணங்களும் உண்டு. 1923க்குப் பிறகு டிராம் தடங்கள் சிதைந்து கிடந்ததால் மாநகராட்சி ஃபோர்டு வண்டிச் சட்டங்களை நூற்றுக்கணக்கில் இறக்குமதி செய்து பேருந்து கட்டி ஓட்டியது; பேருந்தில் போகும் பழக்கம் மக்களுக்கு அப்படித்தான் வந்தது. இவை எல்லாம் சரி. ஆனால் பேருந்து ஏன் வந்தது என்ற கேள்விக்கு இது விடை. பேருந்துக்குள் பேச்சு ஏன் வந்தது என்பதற்கு விடையாகாது. இடிந்த ஊரைக் காட்டுகிற வண்டியில் பேச்சு இல்லாவிட்டால் அது வெறும் போக்குவரத்து.

அந்தப் பேச்சு எப்படிப்பட்டது? அதைக் கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர். கியூஷுத் தீவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன பெப்பு நகரில் விடுதி நடத்திய அபுராயா குமாஹாச்சி 1928இல் பேருந்துகளில் பெண் வழிகாட்டிகளை அமர்த்தினார். கொதிக்கும் குளங்களுக்கு அந்த ஊரில் நரகங்கள் என்று பெயர். கடல் நரகத்திலிருந்து இரத்தக்குள நரகத்துக்குப் போகும் வழியெல்லாம், ஏழும் ஐந்துமாக அசை எண்ணி அமைத்த ஜப்பானியச் செய்யுள் நடையில் அந்தப் பெண்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த மரபு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. பொதுவாகவே ஜப்பானிய வழிகாட்டி ஒருவரைக் கவனித்தால் உடம்பே பாடம் படித்திருப்பது தெரியும். சாலைக்கு முதுகைக் காட்டி, பயணிகளை நோக்கி நிற்பார். உங்கள் வலப்பக்கம் பாருங்கள் என்று சொல்லும்போது அவர் உயர்த்துவது தம் இடக்கையை. கேட்பவரின் வலம்தான் கணக்கு. ஒற்றை விரலால் சுட்டமாட்டார், வெள்ளைக் கையுறை அணிந்த ஐந்து விரலும் சேர்ந்தே நீளும். தாம் பேசும் கட்டடம் தமக்குப் பின்னால் எந்த வினாடியில் ஜன்னலுக்குள் வரும் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். சிக்னலில் வண்டி நின்றால் வாக்கியம் நீள வேண்டும், பச்சை விழுந்தால் சுருங்க வேண்டும். வண்டி பின்னோக்கி வரும்போது இறங்கிப்போய் விசில் ஊதி ஓட்டுநருக்கு வழி சொல்வதும் நெடுங்காலம் அவர் பொறுப்பாகவே இருந்தது. மனப்பாடம் என்று இதை இகழ்வது, பாடகர் ராகத்தை முன்பே பயின்று வந்துவிட்டார் என்று குறை சொல்வதற்குச் சமம்.

பேருந்து அவசரப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அசாகுசாவில் கொடுக்கும் சொற்ப நேரத்தில் கடைத்தெருவைத் தாண்டிக் கோவிலுக்குப் போய் வருவதே பாடு. ஜின்கோ மரத்தின் முன் நிற்க அவகாசம் இருக்காது. ஆனால் பேருந்து வேண்டாம் என்பவர்கள் டோக்கியோவில் உண்மையில் நடந்து போவதில்லை. ஊர் அவ்வளவு பெரியது. அவர்கள் சுரங்க ரயிலில் போகிறார்கள். ஒரு நிலையத்தில் இறங்கி, பூமிக்கு மேலே வந்து ஓர் இடத்தைப் பார்த்து, மீண்டும் கீழே போய் வேறொரு இடத்தில் எழுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, மேடா பள்ளமா, அகழி எங்கே வளைகிறது, ஆறு எந்தப் பக்கம் என்ற எதுவும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பேருந்தோ தரைமேல் போகிறது. மாளிகையின் கல்சுவர் ஓரமாக உருண்டு, அலுவலகக் கட்டடங்களைக் கடந்து, டோக்கியோ கோபுரத்தின் அடிக்கு வந்து சேர்கிறது. அந்த 333 மீட்டர் கோபுரத்தின் மேற்பகுதி எஃகில் ஒரு பங்கு, கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் படை கழித்த டாங்கிகளை உருக்கி எடுத்தது என்று கேட்டபிறகு அண்ணாந்து பார்ப்பவருக்கு அது வேறு கோபுரம். முதல் நாள் பேருந்தில் போய் நகரின் எலும்புக்கூட்டைத் தெரிந்துகொண்டு, அடுத்த நாள் பிடித்த இடத்துக்குத் தனியே திரும்புவதில் எந்த முரணும் இல்லை.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அதை எளிதில் தாண்ட முடியாது. குரல்தான் நகரம் என்றால், குரல் சொல்லாததெல்லாம் நகரத்திலிருந்து மறைந்துவிடுமே? சுமிதா வட்டத்தில் யோகோஅமிச்சோ என்ற பூங்கா இருக்கிறது. 1923இல் தீக்குத் தப்பி அங்கிருந்த வெற்றிடத்தில் ஒதுங்கியவர்களில் ஏறத்தாழ 38,000 பேர் சுழன்று வந்த நெருப்பில் மடிந்தார்கள். 1930இல் எழுந்த அங்குள்ள நினைவு மண்டபம் பின்னர் 1945 குண்டுவீச்சில் இறந்தவர்களுக்கும் இடம் கொடுத்தது. அதே பூங்காவில் 1973இல் வைத்த ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்தியை நம்பிய கும்பல்களும் காவலரும் படையினரும் கொன்ற கொரியர்களுக்கானது அது. டோக்கியோவின் சின்னங்கள் என்று விற்கும் அரைநாள் தடங்களில் இந்தப் பூங்கா பொதுவாக இடம்பெறுவதில்லை. கொரியர்களுக்கான ஆண்டு நினைவேந்தலுக்கு அஞ்சலிச் செய்தி அனுப்பும் வழக்கத்தை நகரின் ஆளுநர் 2017 முதல் கைவிட்டுவிட்டார். வாடிக்கையாளர் முகம் சுளிக்காதபடி எழுதிய பாடநூல் இதைப் பற்றி வாய் திறக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். இது உண்மையான குறை. இது உறுத்தவில்லை என்றால், நான் மேலே எழுதிய பாராட்டுக்கெல்லாம் பொருளில்லை. ஆனால் நடந்து போகிறவர் மட்டும் தானாக அந்தக் கல்லிடம் போய்ச் சேர்ந்துவிடுவாரா? அவருடைய கைப்பேசியும் அதே புகழ்பெற்ற பத்து இடங்களைத்தான் காட்டுகிறது. சொல்லாமல் விடுவதற்கு மருந்து, சொல்பவரை நீக்குவதில் இல்லை. இதையும் சொல்லுங்கள் என்று கேட்பதில் இருக்கிறது. கல்லை மாற்ற ஒரு தலைமுறை ஆகும். வழிகாட்டியின் பாடத்தில் ஒரு பத்தி சேர்க்க ஒரு நாள் போதும்.

பதிவுக் குரல் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டவருக்காகச் சில வண்டிகளில், இடமறியும் கருவியின் உதவியோடு, அந்தந்த இடம் வந்ததும் அவரவர் மொழியில் தானாக ஒலிக்கும் விளக்கம் இருக்கிறது. மொழி தெரியாதவருக்கு அது பெரும் உதவி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது இடத்தைப் பார்த்துப் பேசுகிறது, ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. இடப்பக்கம் உட்கார்ந்தவருக்குத் தெரியவில்லை என்பதோ, முன்வரிசைப் பாட்டி 1945இல் சிறுமியாக இருந்திருக்கக்கூடும் என்பதோ அதற்குத் தெரியாது. நேரில் நிற்பவருக்குத் தெரியும். ஜப்பானிய வழிகாட்டி வேலை நெடுங்காலம் இளம்பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும், சீருடையும் புன்னகையும் அறிவைவிட முன்னால் வைக்கப்பட்டதும் நியாயமில்லை. நகரத்தின் நினைவையே வாயில் சுமப்பவர்களை அலங்காரமாகப் பார்த்த காலம் அது. அவர்களுக்குக் கதைசொல்லிக்குரிய மரியாதையும் ஊதியமும் கிடைக்க வேண்டும்.

நிஹோன்பாஷி பாலத்தில் இப்போது நடப்பதைக் கவனித்தால் இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது புரியும். எடோவின் ஐந்து பெருவழிகளும் தொடங்கிய பாலம் அது. நாட்டின் சாலைத் தொலைவுகளுக்குப் பூஜ்யம் அங்கேதான். 1911இல் கட்டிய கல்பாலம், இறகு முளைத்த வெண்கல கிரின் விலங்குகளோடு இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் தலைக்கு மேல் 1963 முதல் ஒரு மேம்பாலச் சாலை ஓடுகிறது. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்குக்கு நேரமில்லை, நிலம் கையகப்படுத்த முடியவில்லை, ஆற்றின் மேல்தான் வெற்றிடம் இருந்தது. அதனால் வானத்தை மூடிவிட்டார்கள். அந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கும் பணி 2020இல் தொடங்கியது. 2040 வாக்கில் மேம்பாலம் முழுவதும் அகன்றுவிடும் என்பது திட்டம். அதற்குப் பின் அங்கே வரும் பயணிக்குப் பாலமும் வானமும் மட்டுமே தெரியும், எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று எண்ணிக்கொள்வார். ஒரு நகரம் தன் அவசரத்தில் தன் ஆற்றையே கூரை போட்டு மூடி, ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்துப் பெருஞ்செலவில் அதைத் திறந்துவிட்டது என்ற செய்தி வழிகாட்டியின் பாடத்தில் இடம்பெற வேண்டும். யோகோஅமிச்சோ பூங்காவில் கொரியர்களுக்காக வைத்த கல்லும் அதே பாடத்தில் இடம்பெற வேண்டும்.